தமிழ் யெஸ், இங்கிலீஷ் யெஸ்

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் நட்டிருந்த நீளமான பைப்பின் உச்சியில் அன்ரெனா நின்றது. தெற்கே திருப்பினால் இலங்கை அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி. மேற்கே திருப்பினால் கடலுக்கு அப்பால் கொடைக்கானல் மலையிலிருந்து வரும் தூரதர்ஷன். பைப்பைத் திருப்புவது என் வேலை. அண்ணா யன்னலடியில் நின்று, "இன்னும் கொஞ்சம்… காணும், காணும்… ஐயோ, திரும்ப விடு" என்று கத்துவார். காற்றடிக்கும் நாளில் படம் முழுக்க அரிசி கொட்டினமாதிரிப் புள்ளி விழும். அந்தப் புள்ளிகளுக்குள்ளாலும் கண்ணை எடுக்காமல் பார்ப்போம். விடிந்தால் இங்கிலீஷ் ரீச்சருக்குச் சொல்ல வேண்டுமே.

1988இல் நான் ஒன்பதாம் வகுப்பு. இந்தியப் படை நின்ற காலம். பொழுதுபட்டால் வெளியே போக முடியாது, அதனால் கரண்ட் இருந்த இரவுகளில் ஒழுங்கை முழுவதும் ரீவி உள்ள வீடுகளில்தான் இருக்கும். ரீச்சரின் பெயரை இந்தக் கல்லூரி மலரில் எழுதக் கூடாது என்பது அவருடைய கண்டிப்பான உத்தரவு. அந்த ஆண்டுகளில் நம் கல்லூரியில் ஆங்கிலம் படித்தவர்களுக்குப் பெயர் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றும் இல்லை.

முதலாம் பாடம் தொடங்கியதும் புத்தகத்தை மூடி வைக்கச் சொல்வார். "நேற்று ஆர் ரீவி பார்த்தது? இங்கிலீசில சொல்லுங்கோ." நாற்பது பேரில் ரீவி பார்க்கக் கிடைத்தவர்கள் பத்துப் பேர்தான் இருப்போம். ரீச்சர் ஒரு விதி வைத்திருந்தார்: பார்த்தவர் கதை சொல்ல வேண்டும், பார்க்காதவர்தான் கேள்வி கேட்க வேண்டும். இந்த விதியின் அருமை எனக்குப் பின்னாளில்தான் விளங்கியது. கேட்பவனுக்கு உண்மையாகவே பதில் தெரியாது. மறுமொழி சொல்பவனுக்கோ சொல்லி முடிக்காவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். இலக்கணப் பயிற்சியில் கோடிட்ட இடத்தை நிரப்பும்போது யாருக்கு அப்படித் தவிப்பு வந்தது?

அப்போது ரூபவாஹினியில் எங்களுக்கு உயிர் நைட் ரைடர் என்ற அமெரிக்கத் தொடர். கறுப்புக் கார், முன்பக்கத்தில் இங்கும் அங்கும் ஓடும் சிவப்பு வெளிச்சம், பேசும் குரல். காரின் பெயர் கிட். ஒருநாள் நண்பன் ஒருவன் கதை சொல்லும்போது காரை 'ஹி' என்றான். இன்னொருவன் எழும்பி, கார் அஃறிணை, 'இட்' என்றுதான் வர வேண்டும் என்றான். வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. மக்கள், தேவர், நரகர் மட்டுமே உயர்திணை என்ற நன்னூல் சூத்திரத்தை அந்தக் கிழமைதான் தமிழ்ப் பாடத்தில் மனனம் செய்திருந்தோம். கார் இந்த மூன்றில் எது? ரீச்சர் தீர்ப்புச் சொல்லவில்லை. "கதையில வாற ஆக்கள் காரை என்னெண்டு சொல்லீனம்? அடுத்த கிழமை கவனிச்சுக் கொண்டு வாங்கோ" என்றார். ஒரு கிழமை முழுவதும் 'ஹி', 'இட்' என்ற இரண்டு சின்னச் சொற்களுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம். 'ஹி'தான் வென்றது. அன்பு வைத்த பொருளை ஆங்கிலேயர் திணை மாற்றிக் கூப்பிடுவார்கள், கப்பலையும் 'ஷி' என்பார்கள் என்று அன்றைக்குச் சொன்னார்.

ஞாயிறு காலையில் தூரதர்ஷனில் மகாபாரதம். 1988 ஒக்ரோபரில் தொடங்கியது. பேசுவது ஹிந்தி, எங்களில் ஒருவருக்கும் ஒரு சொல் விளங்காது. ஆனால் கதை எல்லோருக்கும் தெரியும். ரீச்சருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்! பீஷ்மர் சபதம் செய்த கிழமை. "ஹி செட் ஹி வில் நெவர் மேரி" என்று நான் சொன்னேன். கரும்பலகையில் 'வில்'லை அழித்து 'வுட்' என்று எழுதினார். ஏன் என்று கேட்டேன். "தமிழில 'கலியாணம் கட்டமாட்டன் எண்டு சொன்னார்'. பீஷ்மற்ற வாயில வந்ததை அப்பிடியே தூக்கி 'எண்டு' போட்டு ஒட்டிவிடலாம். இங்கிலீசில 'செட்' முன்னுக்கு வந்து நிண்டுகொண்டு பின்னால வாற எல்லாரையும் இழுத்து இறந்தகாலத்துக்குள்ள விட்டிடும்." ரியூசனில் இதே விதியை அட்டவணை போட்டுப் படித்திருக்கிறேன். அட்டவணை மறந்து போயிற்று. பீஷ்மர் மறக்கவில்லை.

எல்லாரும் தடுக்கி விழுந்த இடம் ஒன்று உண்டு. வீட்டில் ரீவி இல்லாத ஒருவனிடம் ரீச்சர், "டிட்ன்ட் யூ வாட்ச் இட்?" என்று கேட்டார். அவன் "யெஸ், ரீச்சர்" என்றான். "அப்ப கதையைச் சொல்லுங்கோ" என்றார். பாவம், விழி பிதுங்க நின்றான். அவன் நினைத்தது "ஓம், பார்க்கேல்லை". கேட்டவர் சொல்வது சரி என்று ஒப்புக்கொள்வது தமிழ் 'ஓம்'. ஆங்கிலத்தில் கேள்வி எப்படி வந்தாலும், பார்த்தால் 'யெஸ்', பார்க்காவிட்டால் 'நோ'. ரீச்சர் அவனைக் கடியவில்லை. "நீர் சொன்னது தமிழ் யெஸ்" என்றார். அதற்குப் பிறகு வகுப்பில் தமிழ் யெஸ், இங்கிலீஷ் யெஸ் என்று இரண்டு சாதி வந்துவிட்டது.

1990 ஜூனில் மறுபடி சண்டை. கரண்ட் போனது, போனதுதான். அம்மா ரீவியை ஒரு பழைய சேலையால் மூடிவைத்தா. செய்தி கேட்க அண்ணா சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுப் பெடலைச் சுற்றுவார், டைனமோவில் ரேடியோ பாடும். மண்ணெண்ணெய் யானை விலை. ஜாம் போத்தலுக்குள் சொட்டு எண்ணெயும் திரியும் வைத்த விளக்கில்தான் ஓ.எல். என்ற சாதாரண தரச் சோதனைக்குப் படித்தோம்.

ரீச்சர் பாடத்தை நிறுத்தவில்லை. "ரீவி இல்லையெண்டா என்ன, இனிக் கதையை நீங்களே செய்யுங்கோ. கிட் யாழ்ப்பாணத்துக்கு வந்தால்?" பெற்றோல் தடை. ஊரில் ஓடிய பழைய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ்களும் மொறிஸ் மைனர்களும் ஒரு மூடி பெற்றோலில் ஸ்ராட் எடுத்து, மண்ணெண்ணெயில் புகை கக்கிக்கொண்டு போன காலம். ஒருத்தி எழும்பிச் சொன்னாள்: "இஃப் கிட் கேம் டு ஜாஃப்னா, ஹி வுட் ரன் ஆன் கெரசின்." வகுப்பே கொல்லென்று சிரித்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு கேட்ட சிரிப்பு.

எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். இனித்தான் வரப்போகும் காருக்கு ஏன் 'கேம்'? அது நடந்து முடிந்ததற்கு வருவதல்லவா? ரீச்சர் சோக்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் தமிழில் 'வந்தால்' என்று எழுதினார். நடுவில் கோடிழுத்து 'வந்து', 'ஆல்' என்று பிரித்தார். "பாருங்கோ. 'வருவால்' எண்டு ஆரும் சொல்லுறமே? தமிழிலயும் உள்ளுக்க இறந்தகாலம்தான் ஒளிச்சுக் கிடக்கு." வாய் திறந்தபடி இருந்தேன். பிறந்ததிலிருந்து நாளுக்கு நூறு தரம் சொல்லும் சொல். அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்கு முதன்முதலில் காட்டியது ஓர் ஆங்கிலப் பாடம்.

பார்த்துக்கொண்டே இருந்தால் ஆங்கிலம் வந்துவிடும் என்று நான் இப்போது இருக்கும் ரொறன்ரோவில் பல பெற்றோர் பிள்ளைகளை ரீவிக்கு முன்னால் இருத்துகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எங்களுக்குப் பார்க்கக் கிடைத்தது கொஞ்சம், பிறகு அதுவும் இல்லை. கதைத்ததுதான் கூட.

ரொறன்ரோவுக்கு அம்மாவைக் கூப்பிட்ட பிறகு இதை நானே செய்து பார்த்தேன். வேலையால் வந்து அம்மாவுடன் ஜெப்பர்டி என்ற ரீவி வினாவிடைப் போட்டி பார்ப்பேன். அதில் விடையைக் கேள்வி வடிவில்தான் சொல்ல வேண்டும்: 'வாட் இஸ்', 'ஹூ இஸ்'. தமிழில் சொல்லுக்குப் பின்னால் ஒரு 'ஆ' போட்டால் கேள்வி வந்துவிடும். ஆங்கிலத்தில் சொற்களை இடம் மாற்ற வேண்டும். அதுதான் அம்மாவைப் பயமுறுத்திக்கொண்டிருந்தது. மாதக்கணக்கில் அதை நடத்திய அலெக்ஸ் ட்ரெபெக்குக்கு முன்னால் இருந்து, விடை தெரியாவிட்டாலும் 'வாட் இஸ்' என்று தொடங்கப் பழகினா. விளம்பரம் போகும் நேரத்தில் நான் கேட்பேன், அவ சொல்லுவா. ஒருநாள் பஸ்ஸில் சாரதியிடம், "வாட் இஸ் திஸ் ஸ்டொப்?" என்று தானே கேட்டு இறங்கி, தனியே வீடு வந்து சேர்ந்தா. அன்றைக்கு முகத்தில் இருந்த வெளிச்சத்தை ரீச்சருக்குத் தொலைபேசியில் சொன்னேன். அந்தப் பக்கத்தில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

ரீச்சர் ஓய்வுபெற்று ஊரிலேயே இருக்கிறார். போன மாதம் கதைக்கும்போது கேட்டார்: "ஆர்ன்ட் யூ கமிங் திஸ் இயர்?"

"யெஸ், ரீச்சர்."

"அது தமிழ் யெஸ்சோ, இங்கிலீஷ் யெஸ்சோ?"

"இங்கிலீஷ் யெஸ், ரீச்சர். நல்லூர்த் தேருக்கு நிற்பன். டிக்கெட் எடுத்திட்டன்."