வேவு பார்க்கப் போன தோட்டா

கேம் ஆட உட்காரும்போது பக்கத்தில் நோட்டும் பென்சிலும் வைத்துக்கொள்கிற ஆள் நான். தம்பிக்கு இது பெரிய வேடிக்கை. "என்னக்கா, பரீட்சையா?" என்று கேட்டுவிட்டுப் போவான். அவன் ஆட்டமே வேறு. லெவல் திறந்த இரண்டாவது நொடியில் சுட்டிருப்பான். எங்கே சுட்டோம் என்று அதற்கப்புறம்தான் பார்ப்பான்.

இப்படிப்பட்ட நாங்கள் இரண்டு பேரும் ஒரே கேமில், ஒரே லெவலில் மாட்டிக்கொண்டோம். ‘சில்ட்ரன் ஆஃப் தி சன்’. ரெனே ரோதர் உருவாக்கியது, 2024 ஏப்ரலில் டெவால்வர் டிஜிட்டல் வெளியிட்டது. பெயர் சொல்லப்படாத ஒரு பெண், ஒரு மதக்கும்பலைப் பழிவாங்கக் கிளம்புகிறாள். கதை அவ்வளவுதான், எனக்கு அதில் பெரிய அக்கறையும் இல்லை. விஷயமெல்லாம் துப்பாக்கியில் இருக்கிறது. ஒரு லெவலுக்கு ஒரே ஒரு தோட்டா. எதிரில் எத்தனை பேர் இருந்தாலும் அந்த ஒன்றுதான் எல்லோரையும் முடிக்க வேண்டும். ஒருவன் மேல் பட்டதும் காலம் உறைந்துவிடும். பட்ட இடத்திலிருந்தே திரும்பி அடுத்தவனைக் குறி வைக்கலாம். சுவரிலோ தரையிலோ பட்டால் போச்சு, முதலிலிருந்து.

சுடுவதற்கு முன்னால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பெண் இடத்தின் ஓரமாக இடமும் வலமும் நடப்பாள், ஸ்கோப் வழியாக ஒவ்வொருவனையும் பார்த்து அடையாளம் வைக்கலாம். என்னைப் போன்றவளுக்கு அல்வா மாதிரி. முதல் சில லெவல்களில் நோட்டில் படம் போட்டு, ஆட்களுக்கு எண் கொடுத்து, கோடு இழுத்து, அதே வரிசையில் சுட்டு முடித்தேன். தம்பி பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்ததும் உண்டு.

மாட்டிக்கொண்ட லெவலில் ஒன்பது பேர் தெரிந்தார்கள். வழக்கம்போல ஒன்பது புள்ளி, எட்டுக் கோடு. மூன்றாவது ஆளிடம் போனதும் திட்டம் படுத்துவிட்டது. நான்காவது ஆளுக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு வண்டி. ஓரத்தில் நின்று பார்த்தபோது அது இருவருக்கும் பின்னால் நிற்பதாகத் தெரிந்திருந்தது. படத்தைத் திருத்தினேன். மறுபடி சுட்டேன். இந்தத் தடவை ஐந்தாவது ஆளுக்குப் பக்கத்தில், நான் கணக்கிலேயே எடுக்காத பத்தாவது ஆள் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். கட்டடத்துக்கு உள்பக்கம். வெளியிலிருந்து எந்தக் கோணத்திலும் கண்ணில் படாதவன்.

பக்கத்தில் இருந்த தம்பி சொன்னான்: "நீ ஏன் உட்கார்ந்த இடத்துலயே யோசிக்கிற? போய்ப் பார்த்துட்டு வாயேன்."

எப்படிப் போவது, இருப்பது ஒரு தோட்டா என்றேன். மவுஸைப் பிடுங்கி, கூரை மேல் நின்றவனைச் சுட்டான். தோட்டா அங்கே நின்றதும் மெதுவாகச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். கூரையிலிருந்து முற்றம், ஜன்னல், ஜன்னலுக்குள் அந்தப் பத்தாவது ஆள், எல்லாம் தெரிந்தது. எனக்குக் காட்டிவிட்டு, அதே தோட்டாவை வேண்டுமென்றே வெறும் தரையில் விட்டான். ரீஸ்டார்ட். அவ்வளவுதான் செலவு.

இத்தனை நாள் தோட்டாவை ஆயுதமாக மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். அதுதான் அந்த இடத்துக்குள் போகக்கூடிய ஒரே கண் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு புது லெவலிலும் முதல் மூன்று நான்கு முயற்சிகளில் தோட்டா வேவுக்குத்தான். யாரையும் முடிக்கிற எண்ணமே இல்லாமல், உயரமான ஆள் ஒருவன், உள்ளே இருக்கிற ஆள் ஒருவன், தொலைவில் நிற்கிறவன் ஒருவன் என்று தேர்ந்தெடுத்துச் சுட்டு, அங்கிருந்து பார்த்துப் படம் போடுவேன். பறவைகூட உதவும். தம்பி குறி தவறி வானத்தில் பறந்த ஒன்றைச் சுட்டுவிட்டான், தோட்டா அங்கேயே நின்றது. மொத்த இடமும் காலடியில். வண்டியின் பெட்ரோல் டேங்க் மூடியும் அப்படித்தான், அதில் பட்டால் வெடிக்கும், அங்கிருந்து தோட்டாவைத் திருப்பலாம். இந்த இரண்டையும் நான் உட்கார்ந்து யோசித்திருந்தால் எந்த ஜென்மத்திலும் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

ஆனால் முழுக்க அவன் வழிக்கும் போய்விட முடியாது. கவசக்காரர்கள் வந்ததும் அவன் திணறினான். கவசத்தை உடைக்கத் தோட்டாவை வேகமெடுக்க வைக்க வேண்டும், வேகமெடுக்க நீண்ட தூரம் வேண்டும். அப்படியானால் கவசக்காரனுக்கு முந்தைய ஆள் அவனிடமிருந்து வெகு தள்ளி நிற்பவனாக இருந்தாக வேண்டும். தம்பி பக்கத்தில் இருப்பவனைச் சுட்டுவிட்டு, "இவனை எப்படி உடைக்கிறது" என்று தலையைச் சொறிவான். இங்கேதான் என் நோட்டு வேலை செய்தது. கஷ்டமான ஆளை முதலில் வட்டம் போட்டு, அவனுக்கு முன்னால் யார், அவனுக்கும் முன்னால் யார் என்று பின்னோக்கி எண்ணிக்கொண்டே வந்தேன். கேடயம் பிடித்தவனுக்கும் இதே கணக்குதான். அவன் முதுகு எந்தப் பக்கம், அந்தப் பக்கம் யார் நிற்கிறான்.

இன்னொன்றும் நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன். தோட்டாவைப் பறக்கும்போதே லேசாக வளைக்கலாம், ஆனால் கை ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வளைக்காது. ஆகையால் வளைவை நம்பி இருக்கிற அடியை முடிந்தவரை முதல் இரண்டு மூன்றுக்குள் கொண்டுவந்துவிட வேண்டும். இரண்டாவது ஆளிடம் தவறினால் போவது சில நொடி. பதினோராவது ஆளிடம் தவறினால் வயிறு எரியும். (பதினோராவது ஆளிடம் நான்கு முறை தவறியிருக்கிறேன். அன்றைக்கு வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை.) கவசக்காரன் கணக்கும் இந்தக் கணக்கும் சில லெவலில் ஒத்துப்போகாது. அப்போது கவசக்காரன் கணக்குக்குத்தான் மரியாதை, வேறு வழியில்லை.

ஒரு முயற்சிக்கு ஒரு மாற்றம் மட்டும் என்றும் வைத்துக்கொண்டேன். முதல் ஆளையும் மாற்றி, நடுவில் வளைவையும் மாற்றினால், எது வேலை செய்தது என்று தெரியாமலே போய்விடும். தம்பி இதைக் கேட்கவே மாட்டான்.

இதற்கு முன் நான் விரும்பி ஆடிய இரண்டு கேம்களோடு ஒப்பிடத் தோன்றுகிறது. 2007-இல் வந்த ‘போர்ட்டல்’ துப்பாக்கி யாரையும் கொல்லாது, சுவரில் வாசல் திறக்கும். பிடிக்கவில்லையா, வேறு சுவரில் திறந்துகொள். சோதனைக்கு அங்கே செலவே கிடையாது. 2016-இல் வந்த ‘சூப்பர்ஹாட்’ கேமில் நாம் அசைந்தால்தான் காலம் நகரும், ஒவ்வொரு அடிக்கும் நின்று நிதானித்துத் திட்டம் போடலாம். ‘சில்ட்ரன் ஆஃப் தி சன்’ இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ நிற்கிறது. நிதானிக்கவும் விடுகிறது, ஆனால் ஒரு தப்புக்கு மொத்த ஓட்டத்தையும் பிடுங்கிக்கொள்கிறது.

லெவல் முடிந்ததும் தோட்டா போன பாதையைக் கோடாக வரைந்து காட்டும். அந்தப் பத்துப் பேர் லெவல் எனக்கு இருபத்து மூன்றாவது முயற்சியில் முடிந்தது. திரையில் வந்த கோட்டையும், தம்பி காட்டிய பிறகு என் நோட்டில் போட்ட முதல் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே ஒரு கோடு பொருந்தியது, கூரை ஆளிலிருந்து ஜன்னலுக்குப் போவது. அதுவும் தம்பி காட்டியது.

மறுநாள் அவன் வேறொரு வரிசையில், என்னைவிட அதிக ஸ்கோரில் முடித்துவிட்டு அழைத்தான். எப்படி என்று கேட்டேன். "ஞாபகம் இல்லக்கா" என்றான். பென்சிலை எடுத்துக்கொண்டு அவன் திரையில் இருந்த கோட்டைப் பார்த்து வரைய ஆரம்பித்தேன்.