கெய்ரோவில் ஷாதியாவைத் தேடி

கெய்ரோ போனா பிரமிடுதான், நானும் பாத்தேன், ஆனா அதைப் பத்தி எழுத நிறைய பேர் இருக்காங்க. எனக்கு அந்த ஊர்னாலே எகிப்து நடிகையும் பாடகியுமான ஷாதியாதான். 1931ல பொறந்தவங்க, நிஜப்பேரு ஃபாத்மா, நூத்துக்கும் மேல படம், அதுல பாடினதெல்லாம் சொந்தக் குரல்.

கான் அல் கலீலி பஜார் பக்கம் இருக்கற மிதாக் சந்துக்குத்தான் முதல்ல போனேன். எகிப்து எழுத்தாளர் நகீப் மஹ்ஃபூஸ் நாவலா எழுதின அதே சந்து, 1963ல அது படமானப்ப ஹமீதாவா நடிச்சது ஷாதியா, ஏழ்மை பிடிக்காம எப்படியாவது அங்கேந்து வெளிய போயிடணும்னு துடிக்கிற பொண்ணு. கடைத்தெருவுலேந்து பிரிஞ்சு சில படி ஏறினா சந்து முடிஞ்சே போயிடுது, அவ்ளோதான் நீளம், அங்க நின்னப்பதான் ஹமீதாவுக்கு ஏன் அப்படி மூச்சு முட்டுச்சுன்னு எனக்கு உறைச்சுது.

சிரிச்சு பாடற செல்லப்பொண்ணுன்னுதான் ஜனங்க அவங்கள கொண்டாடினாங்க, பிரபல பாடகர் அப்துல் ஹலீம் ஹாஃபிஸ் கூட ஜோடியா நடிச்ச படமெல்லாம் இருக்கு, அதுலயே காலத்தை ஓட்டியிருக்கலாம். ஓட்டல. 1959ல 28 வயசுலயே ஒரு படத்துல வயசான அம்மா வேஷம், மகனா நடிச்ச ஷுக்ரி சர்ஹான் நிஜத்துல அவங்கள விட மூத்தவரு! மூணே வருஷத்துல மஹ்ஃபூஸோட ‘திருடனும் நாய்களும்’ படத்துல அதே ஷுக்ரி சர்ஹான் போலீஸுக்கு பயந்து ஓடற ஆளு, அவருக்கு வீட்ல இடம் கொடுத்து காப்பாத்தற விலைமாது நூர் நம்ம ஷாதியா. ரெண்டு படத்தையும் அடுத்தடுத்து பாருங்க, ஒரே ஆளுன்னு நம்பவே முடியாது.

டாக்ஸில போறப்ப டிரைவர்கிட்ட சும்மா “ஃபுவாதா”ன்னு சொன்னேன். மனுஷன் உடனே ஸ்டியரிங்கை தட்டி “பாத்தில்! பாத்தில்!”னு கத்த ஆரம்பிச்சுட்டாரு. செல்லாதுன்னு அர்த்தம். 1969ல வந்த ‘கொஞ்சம் பயம்’ படத்துல ஊரையே ஆட்டிப்படைக்கிற அத்ரீஸ் கோவத்துல வயலுக்கு போற தண்ணியை அடைச்சுடுவான், ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டாங்க, ஷாதியா நடிச்ச ஃபுவாதா மட்டும் தனியா நடந்து போய் மதகைத் திறந்து விடுவா. அப்புறம் அவ சம்மதமே இல்லாம அவன் கல்யாணம் பண்ணிக்கிட்டப்ப அது செல்லாதுன்னு ஊரே தீப்பந்தத்தோட கோஷம் போட்டுட்டு வரும், அந்த கோஷத்தைத்தான் டிரைவர் போட்டாரு, படம் வந்து இத்தனை வருஷம் கழிச்சு!

தஹ்ரீர் சதுக்கத்தையும் ஒரு சுத்து சுத்தினேன், 2011 போராட்டத்துல ஷாதியா பாடின ‘யா ஹபீப்தி யா மஸ்ர்’ (என் காதலியே, எகிப்தே) பாட்டு ஒலிச்ச இடம். பலீக் ஹம்தி இசை, எகிப்தை காதலியா நினைச்சு பாடினது, தேசபக்திப் பாட்டுல இவ்ளோ கொஞ்சல் நான் வேற எங்கயும் கேட்டதில்ல.

1980கள் நடுவுல நல்ல பேரோட இருக்கறப்பவே எல்லாத்தையும் விட்டுட்டு, ஹிஜாப் போட்டு, இறைவழிபாடுன்னு ஒதுங்கிட்டாங்க. முப்பது வருஷத்துக்கு மேல அப்படியே இருந்துட்டு 2017 நவம்பர்ல காலமானாங்க, இறுதித் தொழுகை சய்யிதா நஃபீசா மசூதில. அங்கயும் போய் நின்னுட்டுத்தான் வந்தேன், போகாம வர மனசு வரல.

இதுவரைக்கும் அவங்க படம் எதுவும் பாக்காதவங்க அந்த மதகு படத்துலேந்து ஆரம்பிங்க, அரபி தெரியணும்னே இல்ல, மதகு திறக்கறப்ப அந்த முகத்தைப் பாத்தாலே கதை புரியும்.