ஃபாரத்தில் நான் எழுதிய ஒரு வரி

ஏற்காடு மலையில் எங்கள் நாகலூர்ப் பக்கம் காலேஜில் சேர நேர்காணலுக்குப் போனவர் யாரும் எனக்குத் தெரிந்து இல்லை. பொறியியல் என்றால் 200-க்குக் கட்-ஆஃப் போட்டுக் கவுன்சலிங், கலைக் கல்லூரி என்றால் மார்க் ஷீட், அவ்வளவுதான். நான் விண்ணப்பித்தது பெங்களூரில் உயிரியல் பட்டப்படிப்புக்கு. எழுத்துத் தேர்வு முடிந்து நேர்காணலுக்குக் கூப்பிட்டு மெயில் வந்தபோது கையில் 18 நாள் இருந்தது.

முதல் வாரம் வீண். 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்பதற்கு யூடியூப் பார்த்து ஒரு பக்கம் இங்கிலீஷில் எழுதி நெட்டுருப் போட்டேன். சேலம் அம்மாபேட்டையில் இருக்கும் மாமாவிடம் போனில் ஒப்பித்தேன். பாதியிலேயே நிறுத்திவிட்டார். "ரயில்வே ஸ்டேஷன்ல அறிவிக்கற மாதிரி இருக்கு கண்ணு. நீ ஃபாரத்துல என்ன எழுதிக் குடுத்த? அதை எடு."

எடுத்து வாசித்தால் வயிற்றைக் கலக்கியது. 'எங்கள் காபித் தோட்டத்தில் நிழல் மரங்கள் குறைந்ததால் வந்த பாதிப்பைப் பார்த்திருக்கிறேன்' என்று எழுதியிருந்தேன். என்ன பாதிப்பு என்றார் மாமா. மழை குறையுது மாமா என்றேன். "உங்க ரெண்டு ஏக்கர்ல மட்டுமா?" என்னிடம் பதில் இல்லை.

மறுநாள் அப்பாவோடு தோட்டத்துக்குப் போனேன். பிறந்ததிலிருந்து பார்க்கிற தோட்டம்தான், ஆனால் கேள்வி கேட்டுக்கொண்டு போனது அன்றைக்குத்தான். போன வருஷம் மரம் வெட்டிய ஓரத்தில் ஒரு செடி இலை பழுத்து வாடி நின்றது. தண்டில் பட்டை வரிவரியாகப் புடைத்திருந்தது. அப்பா அதை வெட்டிப் பிளந்து காட்டினார். உள்ளே சுரங்கம் மாதிரி வழி, வழி முழுக்க மரத்தூள் அடைப்பு. வெள்ளைத் தண்டுத் துளைப்பான். வெயில் படுகிற தண்டின் பட்டை இடுக்கில்தான் அந்த வண்டு விரும்பி முட்டையிடும். எங்களுடையது அராபிகா வகைக் காபி. அதற்குத்தான் இது பெரிய எதிரி, ரொபஸ்டா வகையை அவ்வளவாகத் தொடாது. பூச்சி விழுந்த செடியைப் பிடுங்கி எரிக்க வேண்டும், மற்றச் செடிகளில் தண்டின் சொரசொரப்பான பட்டையைத் தேய்த்துவிட வேண்டும். இதை வருஷா வருஷம் அப்பா செய்வதைப் பார்த்தும், ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அப்புறம் ஒரு நோட்டுப் போட்டேன். ஃபாரத்தின் ஒவ்வொரு வரிக்கும் கீழே 'ஏன்?', 'உனக்கு எப்படித் தெரியும்?' என்று இரண்டு கேள்வி. முதலில் தமிழில் பதில் சொல்லிப் பார்ப்பேன், அது சரியாக வந்த பிறகுதான் இங்கிலீஷ். பொழுதுபோக்கு என்ற இடத்தில் 'வாசிப்பு' என்று வேறு எழுதித் தொலைத்திருந்தேன். முழுதாகப் படித்தது இரண்டே புத்தகம். கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். நல்லவேளை, கேட்கவில்லை.

20 கொண்டை ஊசி வளைவும் இறங்கினால் எனக்கு வாந்தி நிச்சயம். அதனால் முந்தின நாளே ஒரிஜினல் சான்றிதழ்களோடு மாமா வீட்டுக்கு வந்து தங்கி, விடியற்காலை புது பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறினேன்.

உள்ளே மூன்று பேர். நான் நெட்டுருப் போட்ட அந்தக் கேள்வியை யாருமே கேட்கவில்லை. நேராக நிழல் மரத்துக்கு வந்தார்கள். பிளந்த தண்டைப் பற்றிச் சொன்னேன். "ரொம்ப நிழல் இருந்தா விளைச்சல் குறையுமே, உங்க அப்பா ஏன் மரத்தை விட்டு வெச்சிருக்கார்?" என்றார் ஒருவர். நிழல் மரமாக நிற்கிற சில்வர் ஓக்கில் மிளகுக் கொடி ஏற்றியிருப்பதையும், காபி விலை விழுந்த வருஷங்களில் எங்களுக்குக் கைகொடுத்தது அந்த மிளகுதான் என்பதையும் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். இங்கிலீஷ் உடைந்த இடத்தில் 'கொஞ்சம் யோசித்துச் சொல்கிறேன்' என்றேன், காத்திருந்தார்கள்.

கடைசியாக, சில்வர் ஓக் எந்த ஊர் மரம் என்று கேட்டார்கள். எங்கள் மலை மரம் என்றேன், அத்தனை தைரியமாக. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்ததாம். போச்சு என்று நினைத்துக்கொண்டுதான் வெளியே வந்தேன்.

மூன்று வாரம் கழித்து இடம் கிடைத்துவிட்டதாக மெயில் வந்தது. ஆஸ்திரேலியா விஷயத்தை மட்டும் அப்பா இன்னும் நம்பவில்லை.