மாமியார் வெளியே போனபின்

சிங்கப்பூரில் பலதுறை மருந்தகம் ஒன்றில் தாதியாகப் பதினான்கு வருடம். முதல்முறை வரும் கர்ப்பிணிகளுக்கு ரத்தம் எடுப்பது என் வேலை. ரத்த வகை, ஹெப்படைட்டிஸ் பி, சிஃபிலிஸ் என்று சொல்லிக்கொண்டே வருவேன். எச்.ஐ.வி. என்றதும் அறை அமைதியாகிவிடும்.

போன வருடம் ஒரு பெண், இருபத்தைந்து வயதிருக்கும். இங்கேயே பிறந்து, பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்தவள். கூட மாமியார். "எங்க வீட்டுப் பிள்ளைக்கு எதுக்கும்மா அதெல்லாம்?" என்றார் மாமியார். அவர் எதிரில் அதைச் சொன்னது என் தவறு. அந்தப் பெண் கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். மாமியாரைச் சற்று வெளியே உட்காரச் சொன்னேன்.

கதவு சாத்தியதும் பேசினாள். உடலுறவு, ரத்தம், ஊசி, தாய்ப்பால்; கொசுவால் வராது. உயர்நிலைப் பள்ளியில் படித்தது ஒன்றுவிடாமல் வந்தது, அத்தனையும் ஆங்கிலத்தில். பிறகு தமிழில், குரலைத் தாழ்த்தி, "என் மேல சந்தேகமாக்கா?"

சந்தேகம் யார்மேலும் இல்லை. 2004 கடைசியிலிருந்து இங்கே எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தப் பரிசோதனை உண்டு. வேண்டாம் என்றும் சொல்லலாம். சிகிச்சை இல்லாத தாயிடமிருந்து நூறில் 15 முதல் 45 குழந்தைகளுக்குத் தொற்றலாம். மருந்து எடுத்தால் அது 5க்கும் கீழே. இதை அவள் கேள்விப்பட்டதே இல்லை. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி தெரியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவால் பரவாது என்பதும் புதுச் செய்தி. எப்படி வரும் என்று கற்றிருக்கிறாள், வந்தபின் வாழ்க்கை உண்டு என்று யாரும் சொல்லவில்லை. அவள் வீட்டில் இதற்குத் தமிழ்ச் சொல்லே புழங்கியதில்லை.

தஞ்சாவூரிலிருந்து கணவரோடு வந்த இன்னொரு பெண் நினைவுக்கு வருகிறாள். பிளஸ் டூதான். "சின்ன வயசுல 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?'ன்னு ஊரெல்லாம் விழிப்புணர்வு விளம்பரம் எழுதியிருப்பாங்க. எய்ட்ஸ்னா என்னப்பான்னு எங்கப்பாகிட்டயே கேட்டு அடி வாங்கினேன்" என்று சிரித்தாள். 1986இல் சென்னையில்தான் இந்தியாவின் முதல் தொற்றைக் கண்டுபிடித்தார்கள். அப்புறம் அது அங்கே தெருவில் தமிழிலேயே பேசப்பட்டது. இங்கே புதிதாகத் தொற்றுக்கு ஆளாவோரில் பெரும்பாலோர் ஆண்கள். அதனாலேயே நம் பெண்கள் அது நமக்கில்லை என்று இருந்துவிடுகிறார்கள். கல்யாணமாகாதவர்களுக்குப் பெயர் பதிவாகிவிடுமோ என்ற பயம் வேறு. பெயர் கேட்காமலே பரிசோதிக்கும் இடங்கள் சிங்கப்பூரில் உண்டு என்று நான் சொல்லித்தான் பலருக்குத் தெரிகிறது. என்னைக் கேட்டால், படிப்பைவிடப் பெரியது இதை யார், எந்த மொழியில், யார் முன்னால் சொன்னார்கள் என்பதே.

மாமியாரை அவளே உள்ளே கூப்பிட்டாள். சட்டைக் கையை மடித்துக்கொண்டே, "எல்லாருக்கும் எடுக்கிறதுதான் அத்தை. பிள்ளைக்காக" என்றாள்.

"பிள்ளைக்காகவா?" என்றவர், அவள் மடியிலிருந்த கைப்பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.