பெரிய காயின் விதை

"நீங்க கொடுத்த மரத்துலயே பெரிய காயாப் பார்த்துப் பறிச்சு நாத்து விட்டிருக்கேன் சார், இனிமே உங்ககிட்ட செடி கேட்டு நிக்க வேண்டியதில்ல" என்று ஒரு விவசாயி என்னிடம் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த பெருமையைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. கொக்கோ நாற்றங்கால் வேலையில் நான் அடிக்கடி எதிர்கொள்ளும் பேச்சு இதுதான். நல்ல மரத்தின் விதை நல்ல மரத்தைத்தான் தரும் என்கிற அவருடைய கணக்கில் குறை சொல்வது கடினம். ஒரு காலத்தில், ஒரு வகையைப் பொறுத்தவரை, அந்தக் கணக்கு சரியாகவே இருந்தது.

மேற்கு ஆப்பிரிக்காவில் நெடுங்காலம் பரவியிருந்த அமெலனாடோ வகை, தன் மகரந்தத்தாலேயே காய்க்கக்கூடியது. மரத்துக்கு மரம் வேறுபாடும் மிகக் குறைவு. ஆகவே அதன் காயைப் பறித்து விதைத்தவருக்குத் தாயைப் போன்ற மரமே கிடைத்தது. நிலைமை மாறத் தொடங்கியது 1944இல், போஸ்னெட் என்ற ஆய்வாளர் டிரினிடாடிலிருந்து மேல் அமேசான் வகைகளை இன்றைய கானாவில் உள்ள டாஃபோ ஆய்வு நிலையத்துக்குக் கொண்டுவந்தபோதுதான். அவை சீக்கிரம் காய்த்தன, வீரியமாக வளர்ந்தன. அவற்றை மற்ற வகைகளோடு கலந்து உருவாக்கிய வீரிய ஒட்டுகள் இன்னும் நன்றாக இருந்தன. ஆனால் மேல் அமேசான் மரங்களில் பெரும்பாலானவை தன் மகரந்தத்தை ஏற்பதில்லை. அப்படிப்பட்ட வீரிய ஒட்டு மரத்தில் தொங்கும் காய்க்குத் தாய் எது என்பது நமக்குத் தெரியும். தகப்பன், கண்ணுக்கு எளிதில் படாத அளவு சிறிய, கொசுவைப் போன்ற ஒரு பூச்சி அன்று காலை எந்த மரத்திலிருந்து வந்தது என்பதைப் பொறுத்தது. பெற்றோரின் குணங்களும் அடுத்த தலைமுறையில் பிரிந்து சிதறிவிடும். காய் பெரிதாக இருப்பதற்கும் அதன் விதையிலிருந்து வரும் மரம் காய்ப்பதற்கும் தொடர்பு மிகக் குறைவு என்பதை நான் அவரிடம் சுற்றி வளைத்துத்தான் சொன்னேன்.

விவசாயிக்குக் கொடுக்கும் வீரிய ஒட்டு விதை அப்படித் தற்செயலாக வருவதில்லை. ஒன்றின் மகரந்தத்தை மற்றொன்று ஏற்கும், ஆனால் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத இரண்டு வகைகளை மட்டும் தனித் தோட்டமாக அடுத்தடுத்து நட்டுவிட்டால், அங்கே விளையும் எந்தக் காயும் கலப்புக் காய்தான். அதுவும் போதாதென்று தோன்றும் இடங்களில் கையாலேயே மகரந்தம் சேர்க்கிறார்கள். மறுநாள் விடியலில் விரியப்போகிற மொட்டு, முந்தைய மாலையிலேயே வெளுத்துப் பருத்துக் காட்டிக்கொடுத்துவிடும். பூச்சி நுழையாதபடி அதன்மேல் ஒரு சிறு குழாயைக் கவிழ்த்து, மரப்பட்டையோடு களிமண் போன்ற ஒரு பசையால் ஒட்டிவைக்க வேண்டும். காலையில் தகப்பன் மரத்தின் பூவைப் பறித்து, மகரந்தப் பையைத் தொப்பிபோல மூடியிருக்கும் இதழை விலக்கிவிட்டு, தாய்ப் பூவின் நடுவே உள்ள சூல்முடியில் மெல்லத் தேய்க்கிறோம். நகத்தளவு கூட இல்லாத பூ அது. சேர்க்கை பிடிக்காவிட்டால் ஓரிரு நாளில் உதிர்ந்துவிடும். பிடித்தால் காய் முற்ற ஐந்து, ஆறு மாதம் ஆகும். ஒரு காயில் முப்பது, நாற்பது விதை. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கிறவருக்கு, ஒரு நாற்றுக்குப் பின்னால் எத்தனை காலை வேளைகள் இருக்கின்றன என்று புரியும்.

அந்த விதையைச் சேமித்து வைக்கவும் முடியாது. நெல்லையோ பயறையோ போல உலர்த்தி மூட்டை கட்டினால் கொக்கோ விதை செத்துவிடும். குளிர்ப்பெட்டியில் வைத்தாலும் அப்படியே. காயாகவே கொண்டுபோய், உடைத்த சில நாட்களுக்குள் பையில் ஊன்றிவிட வேண்டும். மழை எப்போது வரும், விவசாயி எப்போது குழி எடுப்பார், வண்டி எப்போது கிடைக்கும் என்பதெல்லாம் சரியாகப் பொருந்தினால்தான் ஆய்வு நிலையத்தின் பல ஆண்டு உழைப்பு வயலைத் தொடும்.

இதனால்தான் பலரும் மொட்டு ஒட்டுச் செடியை விரும்புகிறார்கள். தேர்ந்த மரத்தின் கிளையிலுள்ள மொட்டை எடுத்து ஒரு நாற்றின் தண்டில் ஒட்டி வளர்த்தால், அந்த மரத்தின் நகலே கிடைத்துவிடும். ஈக்வடாரில் 1965இல் ஹோமேரோ காஸ்ட்ரோ தேர்ந்தெடுத்த சி.சி.என். 51 என்ற வகை அப்படித்தான் தோட்டம் தோட்டமாகப் பரவியது. அதன் சுவையைக் குறை சொல்பவர்கள் உண்டு, விளைச்சலைக் குறை சொல்பவரை நான் பார்த்ததில்லை. ஆனால் ஒட்டுச் செடியிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. நேராக மேலெழும் சுப்பான் கிளையிலிருந்து எடுத்த மொட்டு, விதைச் செடியைப் போலவே நிமிர்ந்து வளரும். பக்கவாட்டில் விரியும் விசிறிக் கிளையின் மொட்டு புதராகவே படரும், அதை விடாமல் கவாத்து செய்ய வேண்டும். இதைச் சொல்லாமல் செடியைக் கொடுத்தால், பாதிச் செடிகள் ஏன் குனிந்து நிற்கின்றன என்று விவசாயி நம்மைத்தான் கேட்பார்.

அதைவிட மோசமான தவற்றை நானே செய்திருக்கிறேன். ஒரு தோட்டத்துக்கு ஒரே ஒரு ஒட்டு வகையை மட்டும், கையிருப்பில் அதுதான் நிறைய இருந்தது என்பதற்காக, ஏற்றி அனுப்பிவிட்டேன். அது தன் மகரந்தத்தை ஏற்காத வகை. மூன்றாம் ஆண்டில் தண்டு முழுக்கப் பூ. ஓரத்து வரிசையில், பக்கத்துத் தோட்டத்தின் மரங்களை ஒட்டியிருந்த இடத்தில் மட்டும் காய். உள்வரிசைகளில் பூ பூத்துப் பூத்து உதிர்ந்துகொண்டே இருந்தது. அன்றிலிருந்து நான்கைந்து வகைகளைக் கலந்து, எந்த வரிசையில் எது என்று ஒரு தாளில் வரைந்து கொடுக்காமல் வண்டியை அனுப்புவதில்லை.

கலந்து கொடுப்பதற்கு நோயும் ஒரு காரணம். 1930களின் இறுதியில் பவுண்ட் என்ற ஆய்வாளர் பெருவின் அமேசான் பகுதியிலிருந்து சேகரித்து வந்த ஸ்காவினா மரங்கள், விட்ச்சஸ் புரூம் எனப்படும் துடைப்ப நோயை, அது ஒரு பூஞ்சை நோய், தாங்கி நின்றன; உலகின் பல கலப்புத் திட்டங்கள் அவற்றைத்தான் தகப்பனாகவோ தாயாகவோ கொண்டன. 1989இல் அந்த நோய் பிரேசிலின் பாஹியாவில் நுழைந்து தோட்டங்களை அழித்தபோதும் அந்த வழி வந்த செடிகளையே நாடினார்கள். ஒரே வேரிலிருந்து வரும் எதிர்ப்புச் சக்தியை மட்டும் நம்பினால், பூஞ்சை அதற்கேற்ப மாறிக்கொள்ளும்.

அந்த விவசாயியின் நாற்றுகளை நான்கு ஆண்டுகள் கழித்துப் போய்ப் பார்த்தேன். அறுபது மரங்களில் பாதிக்கு மேல் சுமாருக்கும் கீழே. அவரே வெட்டிவிடலாம் என்றிருந்தார். ஆனால் வேலியோரமாக நின்ற ஒரு மரத்தில் மட்டும் கருங்காய் அழுகல் நோய் இல்லாமல், தண்டோடு ஒட்டி இருபது காய்களுக்கு மேல் இருந்தன. டிரினிடாடில் 1930களில் தேர்ந்தெடுத்த நூறு ஐ.சி.எஸ். (இம்பீரியல் காலேஜ் செலக்‌ஷன்) மரங்களும் தோட்டங்களில் நின்றுகொண்டிருந்தவைதானே என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு ஓர் எண் எழுதித் தகட்டைக் கட்டிவிட்டு, மாதந்தோறும் பறிக்கும் காயை எண்ணி எழுதிவைக்கும்படி ஒரு நோட்டுப் புத்தகத்தை அவரிடம் கொடுத்தேன். முதல் பக்கத்தில் அன்றைய தேதியைப் போட்டு, மரத்தைச் சுற்றி வந்து, இருபத்திமூன்று என்று அவரே எழுதினார்.