ஆயாக்கொட்டகையை நான் திருத்திய கதை

தமிழ் விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு கட்டுரைக்கும் ‘வரலாறு’ என்று ஒரு பக்கம் உண்டு. யார், எந்த நேரத்தில், எதை மாற்றினார்கள் என்று வரிவரியாக இருக்கும். சேர்த்திருந்தால் பச்சையில் ஓர் எண், எடுத்திருந்தால் சிவப்பில் ஓர் எண். போன வருடம், மலேசியாவில், பினாங்கு மாநிலத்துச் செபராங் பிறையில் இருந்த ஒரு இரப்பர் தோட்டத்தைப் பற்றிய கட்டுரையில், என் பயனர் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பில் 2,316 என்று இருந்தது. ஏன் மாற்றினேன் என்று எழுத வேண்டிய கட்டத்தில் நான் போட்டிருந்தது இரண்டே சொல்: உரை திருத்தம்.

அந்த இரண்டு சொல் இன்னும் என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

எனக்கு வீடு பிறையில், வேலை பாயான் லெப்பாஸில். இரவு ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து, பசியாறிவிட்டு, தூக்கம் வரும்வரை பினாங்கு பற்றிய கட்டுரைகளைப் பார்ப்பது ஆறேழு வருடப் பழக்கம். பெரும்பாலும் யோசிக்கவே தேவையில்லாத வேலைதான். முதல் பாலம் 13.5 கிலோமீட்டர், 1985இல் திறந்தது. இரண்டாவது பாலம் 24 கிலோமீட்டர், 2014இல் திறந்தது. இரண்டையும் குழப்பி யாராவது எழுதியிருப்பார்கள், மாற்றிவிடுவேன். 2008இல் யுனெஸ்கோ ஜார்ஜ்டவுனோடு மலாக்காவையும் சேர்த்துத்தான் உலகப் பாரம்பரியப் பட்டியலில் போட்டது. ஒன்றை விட்டுவிட்டு எழுதியிருந்தால் இன்னொன்றைச் சேர்ப்பேன். சந்திப்பிழை, விட்டுப்போன ஒற்று, இரண்டு முறை வந்த வாக்கியம். இதற்கெல்லாம் ‘உரை திருத்தம்’ என்று போட்டால் போதும். யாரும் கேட்க மாட்டார்கள், கேட்கவும் தேவையில்லை.

அந்தத் தோட்டத்துக் கட்டுரை அப்படிப்பட்டதல்ல. புதிதாகக் கணக்குத் தொடங்கிய ஒருவர் மூன்று பத்தி சேர்த்திருந்தார். விடியுமுன் பெரட்டு, அதாவது வேலைக்குப் போகுமுன் ஆள் கணக்கெடுப்பு. பால்மரம். ஏழாங்கட்டையில் இறங்கி உள்ளே நடந்துவரும் செம்மண் பாதை. அப்புறம் ஆயாக்கொட்டகை. எதற்கும் சான்று இல்லை. நான் இரண்டு பத்தியை அப்படியே எடுத்தேன். மிச்சமிருந்த பத்தியில் ‘பால்மரம்’ என்பதை ‘இரப்பர் மரம்’ ஆக்கினேன், ‘ஏழாங்கட்டை’யை ‘ஏழாவது மைல்’ ஆக்கினேன், ‘ஆயாக்கொட்டகை’யைக் ‘குழந்தைகள் காப்பகம்’ ஆக்கினேன். எல்லாம் பத்து நிமிட வேலை. படுத்துத் தூங்கிவிட்டேன்.

நான்கு நாள் கழித்து என் பேச்சுப் பக்கத்தில் ஒரு செய்தி வந்திருந்தது.

“வணக்கம். நான் எழுதியதில் பிழை இருந்தால் சொல்லுங்கள், கற்றுக்கொள்கிறேன். ஆனால் எங்கள் தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் என்று ஒன்று இருந்ததே இல்லை அம்மா. ஆயாக்கொட்டகைதான் இருந்தது.”

கோபமாக ஒரு சொல் இல்லை. அதனாலேயே எனக்கு அது கூடுதலாக வலித்தது. மறுபடியும் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து, இடது பக்கம் அவர் எழுதியது, வலது பக்கம் நான் மாற்றியது என்று வைத்துப் படித்தேன். அந்தப் பச்சை, சிவப்பு எண்களெல்லாம் பைட் கணக்கு, அதாவது எழுத்து கணினிக்குள் பிடிக்கும் இடத்தின் அளவு. ‘க’ என்றால் மூன்று பைட். ‘கி’ என்றால் கொக்கிக்கு இன்னொரு மூன்று, ஆக ஆறு. ‘ஆயாக்கொட்டகை’ 36 பைட். ‘குழந்தைகள் காப்பகம்’ 55. நீளமான சொல்லைப் போட்டு, இருந்த விஷயத்தைக் குறைத்திருக்கிறேன். ஆயாக்கொட்டகை என்றாலே, பெரட்டுக்குப் போகுமுன் தாய்மார்கள் கைப்பிள்ளையை விட்டுவிட்டுப் போகும் கொட்டகை, வரிசையாகக் கட்டிய சேலைத் தொட்டில்கள், பால்வெட்டப் போக முடியாத வயதில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு கிழவி, எல்லாம் சேர்ந்து வரும். என் பாட்டி சொல்லிச் சொல்லி எனக்கே தெரிந்த சொல் அது. காப்பகம் என்றால் பட்டணத்தில் மாதக் கட்டணம் கட்டும் இடம்தான் நினைவுக்கு வருகிறது.

இதில் எனக்கே பிடிபடாத ஒன்று இருந்தது. இலங்கைக்காரர்கள் ‘ரொறன்ரோ’ என்று எழுதினால் நான் தொடவே மாட்டேன். அது அவர்கள் வழக்கு, அது எனக்குத் தெரியும். தமிழ்நாட்டுக்காரர் ‘டொராண்டோ’ என்று எழுதினாலும் விட்டுவிடுவேன். அப்படியிருக்க, எங்கள் நாட்டுச் சொல்லைக் கண்டதும் மட்டும் ஏன் கை தானாகத் திருத்தப் போனது? அது பேச்சு வழக்கு, கலைக்களஞ்சியத்துக்கு ஆகாது என்று நானே முடிவு கட்டியிருக்கிறேன். அப்படி யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. மைல்கல்லைக் ‘கட்டை’ என்று சொல்லித்தான் இந்த நாட்டில் மூன்று தலைமுறை வழி கேட்டிருக்கிறது.

மன்னிப்புக் கேட்டு எழுதினேன். சொற்களை அன்றே திருப்பி வைத்தேன், இந்தத் தடவை காரணத்தையும் முழுசாக எழுதினேன். எடுத்த இரண்டு பத்தியை மட்டும் திருப்பி வைக்கவில்லை. ஏனென்றால் அதில் நான் செய்தது சரி, சொல்லாமல் செய்ததுதான் தப்பு. ஒருவருடைய நினைவு எவ்வளவு உண்மையானதாக இருந்தாலும், படிக்கிறவர் போய்ச் சரிபார்க்க ஓர் அச்சுப் பிரதியாவது வேண்டும். அந்த விதியை நான் நம்புகிறேன். அதை விட்டால் நாளைக்கு வேறொருவர் வந்து அங்கே தோட்டமே இல்லை என்று எழுதினாலும் மறுக்க வழியிருக்காது. இதையெல்லாம் அவருக்கு விளக்கி, “அச்சில் ஏதாவது இருக்கிறதா ஐயா?” என்று கேட்டேன்.

“வந்து பாருங்கள்” என்றார்.

அவர் வீடு எங்கள் வீட்டிலிருந்து பைக்கில் இருபது நிமிடம். தம்பியையும் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். அவர் மனைவி தே ஓ, பால் சேர்க்காத தேநீர், கலந்துகொண்டு வந்தார். ஐயா ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்தார். சம்பளச் சீட்டு, படங்கள், ஒரு கல்யாணப் பத்திரிகை. எதுவும் சான்றாக நிற்காது. எனக்குச் சொல்லவே சங்கடமாக இருந்தது. எங்கள் தோட்டங்களைப் பற்றி யார்தான் புத்தகம் போட்டார்கள்? பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்பு வந்தது. 1924இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ நாளிதழே 2019இல் நின்றுவிட்டது.

டின்னின் அடியில் தோட்டத்துக் கோயிலின் கும்பாபிஷேக மலர் இருந்தது. அட்டை போயிருந்தது, முதல் பக்கத்தில் ஆண்டும் அச்சகத்தின் பெயரும் இருந்தன. வாழ்த்துரைகள், நன்கொடையாளர் பட்டியல் எல்லாம் தாண்டி, ‘தோட்டத்தின் வரலாறு’ என்று நான்கு பக்கம். பெரட்டு நடந்த இடம், தொழிலாளர் குடியிருந்த லயங்களின் எண்ணிக்கை, பள்ளிக்கூடம், ஆயாக்கொட்டகை. அதே சொல், அச்சில். எனக்குக் கண் கலங்கிவிட்டது. “என்னம்மா, இது போதுமா?” என்று கேட்டார் ஐயா. போதும் ஐயா, இது போதும்.

அன்று மாலையே அவர் வீட்டு மேசையில் உட்கார்ந்து, பக்க எண்ணோடு சான்று சேர்ப்பது எப்படி என்று காட்டிக்கொடுத்தேன். தட்டச்சு செய்தது அவர்தான். எடுத்த இரண்டு பத்தியில் ஏறக்குறைய முழுவதும் திரும்பி வந்துவிட்டது. ஒரே ஒரு வரி மலரில் இல்லாதது: ‘என் தாயார் அங்கே ஆயாவாக இருந்தார்.’ அதையும் அவர் சேர்த்திருந்தார்.

விதிப்படி நானே அதை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து அவருடைய பேச்சுப் பக்கத்தில் எழுதினேன். அந்த வரியைப் படித்தேன், அது உண்மை என்று எனக்குத் தெரியும், ஆனால் கட்டுரையில் நிற்காது, உங்கள் பயனர் பக்கத்தில் உங்களைப் பற்றி எழுதும்போது அதை எழுதலாம் என்று சொன்னேன். மூன்று வாரம் பதில் இல்லை. தினமும் காலையில் பார்ப்பேன், வரி அங்கேயே இருக்கும்.

ஒருநாள் வேலை முடிந்து வந்து வரலாற்றைத் திறந்தபோது மேலே புதிதாக ஒரு வரி. அவர் பெயர். சிவப்பில் 93. பக்கத்தில் காரணம் எழுதியிருந்தார்: ‘அம்மாவைப் பற்றிய வரியை நானே எடுத்துவிட்டேன். ஆயாக்கொட்டகை இருக்கட்டும்.’