இருபது லட்சத்தைத் தாண்டியது எனக்கே தெரியாமல்

2022 டிசம்பர் 9 நள்ளிரவு வாக்கில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. விடிவதற்குள் என் தொலைபேசி அடிக்கத் தொடங்கிவிட்டது. பெருங்கொன்றை, குல்மொஹர், தூங்குமூஞ்சி எல்லாம் மதில் மேலும் கார் மேலும் சாய்ந்து கிடந்தன. நானும் என்னோடு மரம் ஏறும் நான்கு பேரும் அந்த மாதம் முழுவதும் நேரத்துக்குச் சாப்பிடவில்லை. சம்பாத்தியம் நன்றாகத்தான் இருந்தது. அந்த டிசம்பர்தான் என்னை ஜிஎஸ்டி பதிவுக்குள் கொண்டுபோய் நிறுத்தும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

மரம் கழிப்பது, காய்ந்த கிளை எடுப்பது, கவாத்து செய்வது, ஆபத்தாக நிற்கும் மரத்தைத் துண்டு துண்டாக இறக்குவது ஆகியவை என் தொழில். ஒன்பது வருடமாகச் செய்கிறேன். கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், 'நாற்பது லட்சம் வரை ஜிஎஸ்டி கவலை இல்லை' என்று சொல்லியிருந்தார். அவர் சொன்னது அவருக்குச் சரி. தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்பவர்களுக்கு, ஆண்டு விற்றுமுதல், அதாவது செலவு கழிக்காத மொத்த வரவு, எவ்வளவைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும் என்ற வரம்பு 2019 ஏப்ரலில் இருந்து நாற்பது லட்சம். சேவை செய்பவர்களுக்கு அது இருபது லட்சம்தான். இந்த வேறுபாட்டை நான் தெரிந்துகொண்டபோது கிட்டத்தட்ட காலம் கடந்துவிட்டது.

ஜனவரி முதல் வாரத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புக்கு பில் கொடுத்தேன். அவர்களுடைய கணக்காளர் போனில் அழைத்து, 'ஜிஎஸ்டி எண் போடவில்லையே, பதிவு செய்யவில்லையா?' என்று கேட்டார். இல்லை என்றேன். 'வருஷத்துக்கு எவ்வளவு வரும்?' என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கையில் எவ்வளவு நின்றது என்பது எனக்குத் தெரியும், கை வழியாக எவ்வளவு போனது என்பதை நான் ஒருநாளும் கூட்டிப் பார்த்ததில்லை.

பொங்கலுக்கு ஆட்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். அந்த நான்கு நாளில் ஏப்ரல் முதல் எழுதிய மூன்று நோட்டுகளையும், வங்கிக் கணக்குப் புத்தகத்தையும், ஜிபே வரவுகளையும் தரையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். வீடுகள், குடியிருப்புகள், கம்பெனி வளாகங்கள் சேர்த்து டிசம்பர் கடைசி வரை 15,50,000 ரூபாய். அப்பாடா, இன்னும் நாலரை லட்சம் இருக்கிறது என்று நினைத்தேன்.

அந்த நிம்மதி ஆடிட்டரிடம் போகும் வரைதான். அவர் என்னைவிட வயதில் சிறியவர், பொறுமையானவர். 'அண்ணா, தோப்பு வேலை செய்கிறீர்களா? விறகு விற்கிறீர்களா?' என்று கேட்டார். இரண்டும் உண்டு. செங்கல்பட்டுப் பக்கம் தென்னந்தோப்புகளில் காய் பறித்து மட்டை கழித்துக் கொடுத்த வகையில் 2,85,000. வெட்டிய மரத்தை விறகாக விற்ற வகையில் 2,20,000. 'இவற்றுக்குத்தான் வரியே கிடையாதே' என்றேன். வரி கிடையாது என்பது உண்மைதான். விவசாய விளைச்சல் சார்ந்த தோப்பு வேலைக்கு விலக்கு உண்டு, விறகுக்கு வரி பூஜ்ஜியம். ஆனால் இருபது லட்சத்தைத் தாண்டினோமா என்று பார்க்கும்போது வரி உள்ளது, இல்லாதது எல்லாவற்றையும் கூட்ட வேண்டும் என்று அவர் விளக்கினார். ஒரே பான் எண்ணில் நடக்கும் எல்லாத் தொழிலும் அந்தக் கூட்டலுக்குள் வந்துவிடும். தோப்பு வேலை மட்டுமே செய்திருந்தால் எவ்வளவு வந்தாலும் பதிவு தேவைப்பட்டிருக்காது. கலந்து செய்ததால் மொத்தம் 20,55,000.

எந்த நாளில் வரம்பைத் தாண்டினேன் என்று பார்த்தோம். டிசம்பர் 27. அன்று ஒரு வீட்டு மதில் மேல் சாய்ந்திருந்த தூங்குமூஞ்சியை கிரேன் வைத்துத் தூக்கினோம். அந்த நாளில் இருந்து முப்பது நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கையில் பத்து நாள்கூட முழுதாக இல்லை.

விண்ணப்பம் எல்லாம் இணையத்தில்தான். பான், ஆதார், புகைப்படம், வங்கிக் கணக்கு, தொழில் செய்யும் இடத்துக்குச் சான்று. எங்கள் தொழிலில் இடம் என்று என்ன இருக்கிறது? மரம் இருக்கும் இடம்தான் வேலை செய்யும் இடம். கயிறும் ரம்பமும் வைக்க வாடகைக்கு எடுத்த ஒரு தகரக் கொட்டகையைக் காட்டினேன். ஜனவரி 18 அன்று விண்ணப்பம் போனது. 23 அன்று தெளிவு கேட்டு நோட்டீஸ் வந்தது. மின் கட்டண ரசீது கொட்டகை உரிமையாளர் பெயரில் இருக்கிறது, உங்களுக்கும் அந்த இடத்துக்கும் என்ன தொடர்பு என்பது கேள்வி. ஏழு வேலை நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். வாடகை ஒப்பந்தமும் உரிமையாளரின் சம்மதக் கடிதமும் ஏற்றினோம். இவற்றை முதலிலேயே வைத்திருந்தால் அந்தச் சுற்று மிச்சம். பிப்ரவரி 3 அன்று சான்றிதழ் வந்தது. 33 என்று தொடங்கும் பதினைந்து எழுத்து எண். 33 தமிழ்நாட்டின் குறியீடு. சேவைக் குறியீடாக 998597, அதாவது நிலத்தோட்டப் பராமரிப்பு, போட்டுக்கொண்டோம்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன், முடியவில்லை. முப்பது நாளுக்குள் விண்ணப்பித்தவர்களுக்குப் பதிவு, வரம்பைத் தாண்டிய நாளில் இருந்தே செல்லும். அப்படியானால் டிசம்பர் 27 முதல் பிப்ரவரி 3 வரை நான் செய்த வேலைக்கும் 18 சதவீதம் வரி உண்டு. அந்த பில்களையோ நான் வரி போடாமல் கொடுத்துவிட்டேன்.

இதற்கு ஒரு வழி சட்டத்திலேயே இருக்கிறது. சான்றிதழ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் இடைப்பட்ட நாட்களுக்குத் திருத்திய பில் கொடுக்கலாம். கம்பெனிகள், குடியிருப்புகள் மூன்றுக்கு மொத்தம் 1,50,000 ரூபாய் வேலை செய்திருந்தேன். நேரில் போய் விளக்கிச் சொன்னேன், திருத்திய பில்லை வாங்கிக்கொண்டு 27,000 ரூபாய் வரியைத் தந்துவிட்டார்கள். மீதி எட்டும் வீடுகள். அவற்றில் ஒன்று, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருடைய வீடு. 11,800 ரூபாய் வாங்கியிருந்தேன். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று, கூலி போதுமா என்று இரண்டு முறை கேட்டு, ஆட்களுக்கு மோர் கொடுத்தவர். அவரிடம் போய் இன்னும் 18 சதவீதம் கொடுங்கள் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. பேசிய தொகைக்குள்ளேயே வரி அடங்கியிருப்பதாகக் கணக்கிட்டோம். 10,000 ரூபாய் வேலைக்கு, 1,800 அரசுக்கு. எட்டு வீடுகளுக்கும் சேர்த்து வாங்கியது 88,500, அதில் 13,500 என் கையில் இருந்து போனது.

இன்னொரு இழப்பும் உண்டு, இதை ஒவ்வொருவரும் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். நவம்பரில்தான் பெரிய செயின் ரம்பம் ஒன்று வாங்கியிருந்தேன். 40,000 ரூபாய், அதன் மேல் 7,200 ஜிஎஸ்டி. பதிவு பெற்றபின் நான் அரசுக்குக் கட்ட வேண்டிய வரியில் அந்த 7,200ஐக் கழித்துக்கொள்ளலாம் என்று ஆசையாக பில்லை எடுத்துப் போனேன். புதிதாகப் பதிவு பெறுபவர், இருப்பில் உள்ள பொருளுக்குச் செலுத்திய வரியைத்தான் எடுத்துக்கொள்ளலாம், பதிவுக்கு முன் வாங்கிய இயந்திரத்துக்கு முடியாது. பிரிக்காமல் இருந்த செயின்கள், ஆயில் டப்பாக்களுக்கு 1,260 ரூபாய் கிடைத்தது, அதுவும் தனிப் படிவம் குறித்த காலத்தில் போட்டதால். வரம்பை நெருங்குகிறோம் என்று தெரிந்திருந்தால் அந்த ரம்பத்தை இரண்டு மாதம் தள்ளி வாங்கியிருப்பேன்.

பதிவின்போதே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. சேவை செய்பவர்களுக்கு, ஆண்டு விற்றுமுதல் ஐம்பது லட்சம் வரை காம்போசிஷன் திட்டம் உண்டு. 6 சதவீதம் கட்டினால் போதும். ஆனால் அதை வாடிக்கையாளரிடம் தனியாக வசூலிக்கக் கூடாது, நாம் வாங்கும் பொருளுக்குக் கொடுத்த வரியைக் கழிக்கவும் முடியாது. தோப்பு வேலைக்கும் விறகுக்கும்கூட அந்த 6 சதவீதத்தைக் கட்ட வேண்டியிருக்கும் என்று ஆடிட்டர் சொன்னது என்னை யோசிக்க வைத்தது. வீட்டு வேலை மட்டும் செய்பவராக இருந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு காம்போசிஷனைத்தான் சொல்வேன். என் வருமானத்தில் பாதிக்கு மேல் கம்பெனிகளிடம் இருந்து வருகிறது. நான் போடும் வரியை அவர்கள் தங்கள் வரியில் கழித்துக்கொள்வார்கள், அதனால் 18 சதவீதம் அவர்களுக்குப் பாரம் இல்லை. வழக்கமான முறையையே எடுத்தேன்.

2023 ஏப்ரல் முதல் ஜூன் வரையான கணக்கைப் பார்த்தபோதுதான் இந்தத் தொழிலின் நிலை எனக்கு முழுதாகப் புரிந்தது. வரிக்குரிய வேலை 5,00,000. வசூலித்த வரி 90,000. கழிக்க என்ன இருந்தது? கிரேன் வாடகை 36,000க்கு 6,480. செயின், பார், ஆயில், கயிறு 22,000க்கு 3,960. ஆடிட்டர் கட்டணத்தில் 540. மொத்தம் 10,980. மீதி 79,020 கட்டினேன். எங்கள் செலவில் பெரும்பகுதி கூலி. கூலிக்கு ஏது ஜிஎஸ்டி? ரம்பத்துக்கு ஊற்றும் பெட்ரோலும் லாரிக்கு ஊற்றும் டீசலும் ஜிஎஸ்டிக்கு வெளியே இருப்பவை, அவற்றில் ஒரு ரூபாய்கூடக் கழிக்க முடியாது. கழிவு ஏற்றும் லாரிக்காரர் பதிவு பெறாதவர், அவர் பில்லில் கழிக்க வரியே இல்லை. பொருள் வாங்கி விற்பவருக்கு வாங்கும்போது கொடுத்த வரி பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். உடல் உழைப்பை விற்பவருக்கு அப்படி எதுவும் வராது. இருபது லட்சம் என்ற வரம்பைக் கணக்கிடும்போதும் இதே கதைதான். அந்த 20,55,000இல் கூலி 9,20,000, கிரேனும் லாரியும் 3,40,000, எரிபொருளும் ஆயிலும் 1,30,000, கருவியும் பழுதும் 1,10,000, மற்றவை 60,000. ஒன்பது மாதத்தில் எனக்கு நின்றது 4,95,000. வரம்பு பார்ப்பது இந்தத் தொகையை அல்ல.

கிரேன் பணத்தை யோசித்துப் பாருங்கள். வாடிக்கையாளரிடம் வாங்கி அன்று மாலையே கிரேன்காரரிடம் கொடுத்துவிடுகிறேன். ஆனாலும் என் பில்லில் வந்தால் அது என் விற்றுமுதல். இப்போது பெரிய வேலைகளில் வாடிக்கையாளரே கிரேன்காரரிடம் பேசி, நேரடியாகப் பணம் கொடுத்து பில் வாங்கிக்கொள்ளும்படி சொல்லிவிடுகிறேன். ஒளிவுமறைவு எதுவும் இல்லை. கிரேன் அவருடையது, வாடகையும் அவருக்கு உரியது. வரம்புக்கு அருகில் இருக்கும் சிறு தொழில்காரருக்கு இது பெரிய உதவி. மனைவி பெயரில் இன்னொரு பில் புத்தகம் போட்டுக்கொள் என்றும் எனக்குச் சிலர் சொன்னார்கள். நான் செய்யும் வேலைக்கு அவள் பெயரில் பில் எழுத நான் தயாராக இல்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குத் தாக்கல் செய்யும் முறையில் இருக்கிறேன். முதல் இரண்டு மாதத்துக்கான வரியை அந்தந்த மாதத்துக்கு அடுத்த மாதம் 25க்குள் கட்ட வேண்டும். காலாண்டு முடிந்ததும் பில் விவரம் 13க்குள், முழுக் கணக்கு 22க்குள். ஒருமுறை மூன்று நாள் தாமதமானது, நாளுக்கு 50 வீதம் 150 ரூபாய். அது சிறியது. உண்மையில் நெருக்குவது வேறொன்று. பில் போட்டுவிட்டால் பணம் வந்தாலும் வராவிட்டாலும் வரி கட்டியாக வேண்டும். ஒரு வளாகம் எழுபத்தைந்து நாள் கழித்துத்தான் பணம் தந்தது. அதற்குள் வரியை நான் கட்டிவிட்டேன், அந்த வாரம் கூலிக்குக் கடன் வாங்கினேன். இப்போது வரிக்கென்று தனி வங்கிக் கணக்கு வைத்திருக்கிறேன். பணம் வந்த அன்றே வரிப் பங்கு அங்கே போய்விடும். பெரிய வேலைகளில் பாதிப் பணத்தை முன்பணமாகக் கேட்கிறேன், கொடுப்பவர்கள் கொடுக்கிறார்கள்.

நோட்டிலும் ஒரு மாற்றம். ஒவ்வொரு மாதக் கடைசியிலும் நான்கு பத்தி போடுகிறேன். வீடு, கம்பெனி, தோப்பு, விறகு. நான்கையும் கூட்டி, ஏப்ரல் முதல் ஓடும் மொத்தத்தைப் பக்கத்தின் மூலையில் சிவப்பு மையில் எழுதுகிறேன். பத்து நிமிட வேலை. என்னோடு மரம் ஏறிப் பழகி இப்போது தனியாகத் தொழில் தொடங்கியிருக்கும் தம்பிக்கும் அதே போல ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். போன மாதம் அவன் எழுதியிருந்த சிவப்பு எண் 13,70,000. நிதியாண்டு முடிய இன்னும் ஐந்து மாதம் இருந்தது. புது ரம்பம் வாங்கப் போகிறேன் என்றான். முதலில் ஆடிட்டரைப் பார்த்துவிட்டு வா என்று அனுப்பியிருக்கிறேன்.